அடி தட்டக் கூடாது

பாண்டுரங்கன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. படவேட்டில் அவருடைய வாழை மண்டியில், தார் இறக்குகிறவர்கள், ஏலம் எடுக்க வந்தவர்கள் எல்லாரும் கேட்கும்படி, "எம்பொண்ணுக்குப் பதினெட்டு ஆவட்டும், லைசன்ஸ் எடுக்கட்டும். எந்த வண்டி கேக்குதோ அந்த வண்டி" என்று சொல்லிவிட்டார். நாலு பேர் போகிற மாதிரி ஒரு சின்ன காராகக் கேட்பாள், மண்டி வேலைக்கும் ஆகும் என்று நினைத்தார்.

லைசன்ஸ் கைக்கு வந்ததும் சிவசங்கரி கேட்டது ஸ்போர்ட்ஸ் கார்.

சிவப்பு நிறம். ரெண்டே கதவு, ரெண்டே சீட்டு. தரையோடு தரையாகப் படுத்திருக்கும். திருப்பத்தூரில் பழைய கார் வாங்கி விற்கிற ராஜவேலுவிடம் அது பல மாதமாக நின்றுகொண்டிருந்தது. வைத்திருந்தவர் வெளிநாடு போய்விட்டார். இந்தப் பக்கத்து ரோட்டுக்கு அதை வாங்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. செல்போனில் அந்த வண்டியின் படத்தை மகள் காட்டியபோது ஜெயசுதா அடுப்பைக்கூட அணைக்காமல் திரும்பிப் பார்த்தாள்.

"மூணு செகண்டுல நூறு போற வண்டி உனக்கு இன்னாத்துக்குடி? பால் வாங்கவா?"

"மூணு இல்லம்மா. அஞ்சு."

"ஆமா, ரொம்ப நிதானமான வண்டி!"

பாண்டுரங்கன் சிரித்துவிட்டார். ஜெயசுதா திரும்பிய வேகத்தில் சிரிப்பை விழுங்கிக்கொண்டார். பணம் அவளுடையது. கலசப்பாக்கத்தில் அவள் அப்பா அவள் பேருக்கு எழுதி வைத்த நிலம் போன வருஷம்தான் விற்றது. அவள் தலையாட்டாமல் அந்த வீட்டில் ஒரு சைக்கிள்கூட வராது.

அவளுக்குப் பயம் காசைப் பற்றி இல்லை. அண்ணன் மகன் ரஞ்சித் போளூர் ரோட்டில் புது பைக்கோடு விழுந்து கிடந்ததை நேரில் பார்த்தவள் அவள். அவன் பிழைத்துக்கொண்டான். ஆனால் காலுக்குள் கம்பி. இன்றைக்கும் அவனால் பந்தியில் சம்மணம் போட்டு உட்கார முடியாது. கல்யாண வீட்டில் எல்லாரும் கீழே உட்கார்ந்து சாப்பிட, அவன் மட்டும் ஒரு நாற்காலி தேடுவான். அந்த நாற்காலிதான் ஜெயசுதாவின் கண்ணுக்குள் நின்றது.

ஒரு வாரம் வீட்டில் இதே பேச்சு. சிவசங்கரி அழவும் இல்லை, சாப்பிடாமல் படுக்கவும் இல்லை. அதுதான் ஜெயசுதாவுக்கு இன்னும் பேஜாராக இருந்தது. மண்டியில் இருக்கிற சின்ன லோடு வண்டியைத் தோப்புக்குள் ஓட்டிப் பழகிய பெண். பிரேக்கில் சத்தம் வந்தால் தானே டயரைக் கழற்றிப் பார்ப்பாள். "வேகமா போறதுக்குக் கேக்கலம்மா. அந்த மாதிரி வண்டி எப்பிடி நிக்குது, எப்பிடித் திரும்புதுன்னு தெரிஞ்சிக்கணும். நா காலேஜ்ல படிக்கப்போறதே அதான்" என்று மட்டும் சொன்னாள். திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னாள்.

கடைசியில் ஜெயசுதாவுக்கு ஒரு யோசனை வந்தது. அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் புது வண்டி வந்தாலும் முதலில் குலசாமியிடம் போக வேண்டும். குலசாமி ஜவ்வாது மலைமேல், புதூர்நாட்டைத் தாண்டி உள்ளே இருக்கிற முனீஸ்வரன். டிராக்டர் போயிருக்கிறது, லோடு வண்டி போயிருக்கிறது, பாண்டுரங்கனின் மொபெட்டுகூட மூச்சு வாங்கிக்கொண்டு ஏறியிருக்கிறது. தார் ரோடு முடிந்த பிறகு ஒரு கிலோமீட்டர் வெறும் மண் தடம். ஜீப்புகள் போய்ப் போய் ரெண்டு பக்கமும் பள்ளம் விழுந்து, நடுவில் மேடு முதுகு மாதிரி எழும்பி நிற்கும். கீழே நாலு விரல் இடம்கூட இல்லாத அந்தச் சிவப்பு வண்டி அதில் போகவே முடியாது.

"சரி, வாங்கலாம்" என்றாள் ஜெயசுதா.

சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவும் மகளும் ஒன்றாக நிமிர்ந்தார்கள்.

"ஆனா வாங்கறதுக்கு முன்னாடி முனீஸ்வரன் வரைக்கும் நீயே ஓட்டிக்னு வரணும். சாமிகிட்ட போவ முடியாத வண்டி நம்ம வூட்டுக்கு வாணாம். அடியில ஒரு கல்லு, ஒரு மண்ணாங்கட்டி தட்டுச்சி, பேச்சு முடிஞ்சிது. அப்புறம் இந்த வூட்ல கார்னு வாயே தொறக்கக் கூடாது."

"ஏன் ஜெயா, அந்த ரோட்ல..." என்று ஆரம்பித்தார் பாண்டுரங்கன்.

"நீ சும்மா இருய்யா. உன் வாயாலதான் எல்லாம்."

சிவசங்கரி கையைக் கழுவிவிட்டு வந்தாள். "புல்லு தட்டுனா கணக்கா?"

"புல்லு கணக்கு இல்ல. கல்லு, மண்ணு."

"சரிம்மா."

இவ்வளவு சுலபமாகச் சரி என்பாள் என்று ஜெயசுதா எதிர்பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை திருப்பத்தூரில் வண்டியை எடுத்தார்கள். ராஜவேலு நிபந்தனை போட்டார்: கீறல் விழுந்தால் செலவு அவர்களுடையது. பாண்டுரங்கன் ஒத்துக்கொண்டார். சிவப்பு வண்டியில் ரெண்டே சீட்டு என்பதால் அம்மாவும் மகளும் அதில் ஏற, பாண்டுரங்கனும் ராஜவேலுவும் பின்னால் மண்டியின் லோடு வண்டியில் வந்தார்கள்.

மலை அடிவாரத்தில் ஜெயசுதா வண்டியை நிறுத்தச் சொன்னாள். பையிலிருந்து ஒரு கிண்ணத்தை எடுத்தாள். வீட்டிலேயே குழைத்து எடுத்துவந்த மஞ்சள். கோணியை விரித்துப் படுத்து, வண்டிக்கு அடியில் கை எட்டுகிற வரைக்கும் அப்பினாள். முன்பக்கம் தாழ்ந்திருந்த உதட்டிலும் பட்டையாகப் பூசினாள். எங்கே தட்டினாலும் மஞ்சள் அழிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

ராஜவேலு தலையில் கை வைத்தார். "யக்கா, இன்னாக்கா இது, வண்டிக்கு மஞ்சத்தண்ணி ஊத்தறீங்களா?"

"கழுவித் தர்றேன், இருங்க."

சிவசங்கரி குனிந்து பார்த்தாள். "அம்மா, நடுவுல ஒரு எடம் வுட்டுட்ட. அதான் மொதல்ல தட்டும்." கிண்ணத்தை வாங்கி, விட்ட இடத்தில் தானே பூசினாள்.

வண்டி மலை ஏற ஆரம்பித்தது. சீட்டு அவ்வளவு தாழ்வு. ரோட்டின்மேலேயே உட்கார்ந்து போகிற மாதிரி இருந்தது ஜெயசுதாவுக்கு. எஞ்சின் முதுகுக்குப் பின்னால் உறுமியது. ஒவ்வொரு வளைவிலும் அவள் வலது கால் இல்லாத பிரேக்கை அழுத்தியது. சிவசங்கரி வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, ஆரன் அடித்து, மெதுவாகச் சுற்றினாள்.

பாதி மலையில் பின்னாலிருந்து நாலைந்து பைக்குகள் வந்தன. சிவப்பு வண்டியைப் பார்த்ததும் பையன்களுக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஒருத்தன் பக்கத்தில் வந்து குனிந்தான்.

"இன்னாக்கா, பெட்ரோல் இல்லியா? தள்ளி வுடவா?"

"ரேசு காரை ரோடு ரோலர் மாதிரி ஓட்டுதுடா!" என்று இன்னொருத்தன் கத்தினான். ஆரனை விடாமல் அழுத்திக்கொண்டே வந்தார்கள்.

முன்னால் நேர் ரோடு தெரிந்தது. ஜெயசுதா இருக்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இப்போது மிதித்தால் அந்தப் பையன்கள் புள்ளியாகப் போய்விடுவார்கள். ரஞ்சித்தும் இப்படித்தான் யாரோ கிண்டல் பண்ணினான் என்று முறுக்கினான். அவள் மகளின் காலைப் பார்த்தாள்.

சிவசங்கரி இடது பக்க இண்டிகேட்டரைப் போட்டாள். ஓரமாக ஒதுங்கி, கையை வெளியே நீட்டிப் போகச் சொன்னாள். பையன்கள் ஊளையிட்டுக்கொண்டே போனார்கள். அவள் முகத்தில் ஒரு சின்ன கோபம்கூட இல்லை.

"கோவம் வர்லியாடி உனக்கு?"

"அவங்களுக்கு இந்த வண்டி இன்னா பண்ணும்னு தெரியாது. எனக்குத் தெரியும். அப்புறம் இன்னாத்துக்குக் கோவம்?"

ஜெயசுதா அடுத்த வளைவு வந்தபோதுதான் கவனித்தாள், தன் வலது கால் எதையும் அழுத்தாமல் சும்மா இருந்தது.

புதூர்நாட்டைத் தாண்டித் தார் முடிந்த இடத்தில் சிவசங்கரி வண்டியை நிறுத்தினாள். "எறங்கும்மா. ஆள் வெயிட்டு இருந்தா வண்டி இன்னும் கீழ எறங்கும்." முதலில் தடம் முழுக்கக் கோயில் வரைக்கும் நடந்து போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். பிறகு ஏறி உட்கார்ந்து ஒரு பக்கச் சக்கரத்தை நடுமேட்டின்மேல் ஏற்றினாள். இன்னொரு பக்கத்தைத் தடத்தின் ஓரக் கரையில் வைத்தாள். பள்ளம் வண்டியின் வயிற்றுக்குக் கீழே வெறுமனே கிடந்தது. அப்படியே நத்தை மாதிரி நகர்ந்தது வண்டி.

"அட!" என்றார் ராஜவேலு.

பலாப்பழம் சுமந்து வந்த பெண்கள் நின்றுவிட்டார்கள். அவர்களில் பாஞ்சாலை என்பவள் வாய்விட்டுச் சிரித்தாள். "இன்னாம்மா, வண்டிக்கு முட்டி கிட்டி ஒடஞ்சிப் போச்சா? இப்பிடித் தவுந்துக்னு வருது!"

பாதித் தூரத்தில் மழைத்தண்ணீர் அறுத்த வாய்க்கால் ஒன்று தடத்தின் குறுக்கே போனது. லோடு வண்டி என்றால் ஒரு குலுக்கலில் தாண்டிவிடும். இந்த வண்டி மூக்கைக் குத்திக்கொள்ளும். சிவசங்கரி இறங்கிக் கல் பொறுக்க ஆரம்பித்தாள். பாண்டுரங்கன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். பாஞ்சாலைக்கும் சும்மா நிற்க முடியவில்லை. பக்கத்துக் களத்திலிருந்து சாமை வைக்கோல் கட்டு ரெண்டை இழுத்து வந்து போட்டாள். "இத்த வெய்யி. மெத்துனு ஏறும்." கல், வைக்கோல், மேலே மண். சக்கரம் போகிற அளவுக்கு ரெண்டு பட்டை. வண்டி குறுக்கு வாட்டில் ஒரு சக்கரமாக இறங்கி, ஒரு சக்கரமாக ஏறியது. பெண்கள் கைதட்டினார்கள்.

இன்னும் கொஞ்ச தூரம்தான். கோயில் பலாமரம் தெரிந்துவிட்டது. இங்கே பள்ளம் ஆழமில்லை, புல் மண்டிக் கிடந்தது. ஜெயசுதா வண்டிக்குப் பக்கத்திலேயே அடியைப் பார்த்துக் குனிந்தபடி நடந்து வந்துகொண்டிருந்தாள். அப்போதுதான் புல்லுக்குள் அதைப் பார்த்தாள். ஒரு கூரான கல், வண்டியின் நடு வயிறு போகிற இடத்தில். நடந்து பார்த்தபோது மகள் கவனித்திருக்க வழியில்லை, புல் மூடியிருந்தது. வண்டியின் மூக்கு ஏற்கெனவே அதைத் தாண்டிவிட்டது. இன்னும் ரெண்டு முழம் நகர்ந்தால் மஞ்சள் போய்விடும். வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும்.

"நிறுத்துடி! நிறுத்து! கல்லு!"

கத்தியது தான்தான் என்பது அவளுக்கே ஒரு நொடி கழித்துத்தான் உறைத்தது. வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. ஒரு விரல்கூட மேலே நகரவில்லை. ஜெயசுதா குப்புறப் படுத்துக் கையை விட்டுக் கல்லை ஆட்டி ஆட்டிப் பிடுங்கி எடுத்தாள். நகத்தில் ரத்தம் கட்டியது.

சிவசங்கரி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "சொல்லாம வுட்டிருந்தா நீ கெலிச்சிருப்பியேம்மா."

"வாய மூடிக்னு நேரா பாத்து ஓட்டு."

வண்டி கோயில் முன்னால் வந்து நின்றது. ஜெயசுதா மறுபடியும் படுத்து, செல்போன் வெளிச்சத்தில் அடி முழுக்கப் பார்த்தாள். புல் உரசிய கோடு நாலைந்து இருந்தது. மற்றபடி அப்பிய மஞ்சள் அப்படியே இருந்தது. எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு நிமிர்வதற்குள் வேறு ஒரு காரியம் நடந்துகொண்டிருந்தது.

பூசாரி கண்ணாயிரம் வண்டியின் மூக்கில் விபூதிப் பட்டை போட்டு, குங்குமம் வைத்து, நாலு சக்கரத்துக்குக் கீழும் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டார். கற்பூரத் தட்டை ஏற்றி வண்டிக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

"சாமி, சாமி! நிறுத்துங்க!" ராஜவேலு ஓடினார். "இது இன்னும் விக்கல! சும்மா ஓட்டிப் பாக்க எடுத்துக்னு வந்தாங்க!"

கண்ணாயிரம் திகைத்துப் போனார். "இன்னாபா சொல்ற? வண்டிக்கு மஞ்ச பூசி இட்டாந்துகிறாங்க, குடும்பமே வந்துகிது. பூசைக்குன்னுதான நெனப்பாங்க?"

எல்லாரும் ஜெயசுதாவைப் பார்த்தார்கள். முனீஸ்வரன் முன்னால் கற்பூரம் காட்டிய வண்டியைத் திருப்பிக் கொடுத்த கதை அவர்கள் குடும்பத்தில் கிடையாது. பாண்டுரங்கன் மெதுவாகச் சொன்னார். "ஜெயா, பூசாரி தெரியாம பண்ணிட்டாரு. அத்த நீ மனசுல வெச்சுக்காத. நீ வாணான்னா வாணாம். நா சாமிகிட்ட மன்னிப்பு கேட்டுக்கறேன்."

"ஆமாம்மா" என்றாள் சிவசங்கரி. "பழத்தை எடுத்துர்லாம். நீயா சொன்னாத்தான் எனக்கு வண்டி." அவள் முகமெல்லாம் புழுதி.

வண்டி எவ்வளவு வேகம் போகும் என்றுதான் இத்தனை நாளும் ஜெயசுதா கேட்டுக்கொண்டிருந்தாள். நிறுத்து என்றதும் மகள் நிறுத்துவாளா என்று கேட்கவே இல்லை. கேட்காமலே பதில் வந்துவிட்டது.

அவள் சுற்றிக்கொண்டு போய் அந்தத் தாழ்ந்த சீட்டில் உட்கார்ந்தாள்.

"பூசாரி மேல ஒண்ணும் தப்பு இல்ல" என்றாள் சத்தமாக. "மஞ்ச பூசினது நானு. ராஜவேலு, நாளைக்கு வூட்டுக்கு வாங்க, பேசி முடிச்சிர்லாம். கொஞ்சம் கொறைக்கணும், சொல்லிட்டேன்!"

"யக்கா, நீங்க இன்னா சொன்னாலும் சரி" என்றார் ராஜவேலு. அவர் இன்னும் அந்த வாய்க்கால் தாண்டிய ஆச்சரியத்திலிருந்து வெளியே வரவில்லை.

பாண்டுரங்கன் தோள் துண்டை எடுத்துத் தலைக்குமேல் சுற்றினார். கோயில் வரைக்கும் கூடவே வந்துவிட்டிருந்த பாஞ்சாலை வாயில் விரல் வைத்து விசிலடித்தாள். சிவசங்கரி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் உறுமியது. அந்தச் சத்தம் மலையில் பட்டுத் திரும்பி வந்தது. முதல்முறையாக ஜெயசுதாவுக்கு அது பிடித்திருந்தது.

"இன்னாடி பாத்துக்னு இருக்கற? ஏத்து!"

நாலு பழமும் பட்பட்டென்று நசுங்கின.