சவரி வரைந்த அட்டைப்படம்

சவப்பெட்டியை மூடப்போகிற நேரத்தில் மாதேஸ்வரன் ஓடி வந்தார். சேலத்திலிருந்து வந்த பஸ் வழியில் பஞ்சராம். சவரியின் கவிதைகளைப் போட்டுவந்த சிறுபத்திரிகையை நடத்துகிறவர். கையில் அச்சு மை வாசம் போகாத புது இதழ்.

"நீ வரைஞ்ச படம் அட்டையில வந்திருக்குதுடா! பாக்காமப் போயிட்டியே!" என்று விம்மியபடி, பெட்டியில் கிடந்தவனின் நெஞ்சில் ஜெபமாலைக்கு மேல் அதை வைத்தார்.

சவரியின் மனைவி ஞானமேரி எட்டிப் பார்த்தாள். இத்தனை வருஷமும் கவிதையை மட்டும் வாங்கிக்கொண்டு, படத்தை அச்சிட பிளாக் செய்ய வசதியில்லை என்று சொல்லிவந்த பத்திரிகை. இந்தத் தடவை போடுகிறோம் என்றதிலிருந்து, மஞ்சள் பூத்த கண்ணோடு "புக்கு வந்துச்சா மேரி?" என்று கேட்டுக்கொண்டே கிடந்தான் மனுஷன்.

"தீர்த்தமலையை என்னமா வரைஞ்சிருக்கான் பாருங்க. அந்த உச்சியும், சரிவுல தண்ணி எறங்கற கோடும்!" என்றார் மாதேஸ்வரன்.

"ஆமாங்க, மலை அப்படியே இருக்குது" என்று மூக்கைச் சிந்தினாள் நாத்தனார் புஷ்பமேரி.

மலையாம், மலை! ஞானமேரி அட்டையையே பார்த்தாள். அது தூளி. காட்டில் இரண்டு வேம்புக்கு நடுவே கட்டிய அவளுடைய சேலை. குழந்தை இறந்துபோன பிறகும் அவிழ்க்க விடாமல் எதிரே உட்கார்ந்து வரைந்தான். மரங்களை விட்டுவிட்டு, நடுவில் தொய்ந்த வெறும் சேலையை மட்டும். பாவிகள் அதைத் தலைகீழாக அச்சடித்திருக்கிறார்கள்.

அவள் இதழைத் திருப்பி வைத்தாள்.

"தலைகீழா வெக்கறியே தங்கச்சி" என்று மாதேஸ்வரன் மெதுவாக நேராக்கினார். "அவம்பேரு நேரா இருக்கட்டும்."

அவள் மறுபடி திருப்பினாள்.

புஷ்பமேரிக்குக் கூச்சமாகப் போய்விட்டது. "அண்ணிக்குப் படிக்கத் தெரியாதுங்க, ஒன்னும் நெனச்சிக்காதீங்க" என்று கையை நீட்டினாள்.

ஞானமேரி அந்தக் கையைத் தட்டிவிட்டாள். மாதேஸ்வரனின் அழுத முகத்தைப் பார்த்தாள். சொல்லிவிடலாம். சொன்னால் அந்த மனுஷன் உடைந்துபோவார்.

"எனக்குத் தெரியாதுதாங்கண்ணா" என்றாள். "இப்படியே போவட்டும்."

மூடியைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் அருகில் வந்து நின்றார்கள். அவள் குனிந்து, படத்தில் சேலை தொய்ந்திருந்த இடத்துக்கு அடியில் உள்ளங்கையை ஏந்திவைத்தாள்.

"கையை எடுத்துக்கம்மா" என்றார் மூடி பிடித்திருந்தவர்.