ஏ.எல். படிச்ச பொம்பிளை

“கல்யாணக் குறிப்பில ஏ.எல். எண்டு எழுதிப்போட்டன்,” என்றார் அப்பா.

“ஏ.எல். எண்டாப் பதின்மூண்டாம் வகுப்பு. நான் ஒன்பதாம் வகுப்போட நிண்டனான் அப்பா.”

“அது எனக்குத் தெரியாதே? அவுஸ்திரேலியா மாப்பிள்ளை. படிச்ச பொம்பிளைதான் வேணுமாம். எங்கட பள்ளிக்கூடத்துப் பதிவேடெல்லாம் சண்டையில மண்ணுக்குள்ள போச்சு. ஆர் கிண்டிப் பாக்கப் போகினம்?”

“கேட்டால்?”

“ஓமெண்டு சொல்லு. கேக்கமாட்டினம்.”

கிளிநொச்சியில் கல்யாணப் பேச்சு நடந்த நாளில் கமலினிக்கும் அவள் அப்பாவுக்கும் நடந்த உரையாடல் இது. எட்டு வருடமாகிவிட்டது. மெல்பேர்னில், ரோவில் என்ற புறநகர் வீட்டுக் குசினியில் ஞாயிற்றுக்கிழமைச் சமையலுக்குக் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தபோது அவளுக்கு அதுதான் நினைவில் ஓடியது.

குசினிக் கதவில் தொங்கிய அவளுடைய கைப்பையில் ஒரு துண்டுப் பிரசுரம் மூன்று வாரமாகக் கிடந்தது. பள்ளிப் படிப்பை இடையில் விட்ட பெரியவர்களுக்குக் கிளேட்டனில் வகுப்பு. வாரத்தில் நான்கு நாள், காலை எட்டரைக்குத் தொடங்கும். பதிவு நாளையோடு முடிகிறது. கணவன் சுஜீதனிடம் கேட்கவேண்டியது அதிகமில்லை. மகள் வினுஷாவைக் காலையில் பள்ளிக்கூடத்தில் விடவேண்டும், அவ்வளவுதான். அவனுக்கு வீட்டிலிருந்தே கணினி வேலை. ஆனால் வகுப்பு என்று வாயைத் திறந்தால் “என்ன வகுப்பு?” என்று கேட்பான். ஏ.எல். படித்தவள் பத்தாம் வகுப்புக்குப் போவாளா? மூன்று தடவை தொடங்கி, மூன்று தடவையும் தேத்தண்ணி வேணுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பியிருந்தாள்.

ஒரு மணிக்குச் சுஜீதனின் அக்கா தாட்சாயினி வந்தாள். கொழும்பில் படித்தவள், இங்கே ஒரு மருத்துவமனை அலுவலகத்தில் வேலை. கதிரையில் உட்காரும் முன்பே சாப்பாட்டு மேசையில் ஒரு விண்ணப்பத்தை வைத்தாள்.

“கமலினி, உமக்குத்தான். நேர்சிங் டிப்ளோமா. தெரிஞ்ச பிள்ளை ஒண்டு அங்க வேலை செய்யுது. எல்லாம் சொல்லி வச்சிட்டன். ஏ.எல். சேர்ட்டிபிக்கேற்றை மட்டும் தாரும்.”

“பிறகு பாப்பம் மச்சாள். சோறு ஆறிப்போகும்.”

“எட்டு வருசமா ஆறிக்கொண்டுதானே கிடக்கு.”

சுஜீதன் சிரித்தான். “நல்ல விசயம்தானே அக்கா. நான் சொன்னாக் கேக்கமாட்டா. கடையில பின்னேரம் பெட்டி அடுக்கிற வேலையே போதுமாம்.”

“பெட்டி அடுக்க ஏ.எல். என்னத்துக்கு? எங்கட மாமாவின்ர மகள் வினோதினியைக் கட்டச் சொல்லி அவ்வளவு கெஞ்சினனான். நீதான் படிச்ச பொம்பிளை எண்டு இவவைக் கட்டினாய்.” தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே தாட்சாயினி கேட்டாள். “சேர்ட்டிபிக்கேற் எங்க கிடக்கு?”

“ஊரில,” என்றாள் கமலினி.

“ஊரில எங்க?”

“சண்டையில போயிருக்கும் அக்கா,” என்றான் சுஜீதன். “பாவம், அதுகளின்ர வீடே போச்சு.”

“சண்டை முடிஞ்சது ரெண்டாயிரத்து ஒன்பதில. குறிப்பில ஏ.எல். பதினொண்டில எண்டு கிடந்தது. வராத சேர்ட்டிபிக்கேற் எப்பிடியடா எரிஞ்சது?”

சுஜீதனின் கை தட்டில் நின்றது. பிறகு, “அக்கா, சாப்பிடுங்கோவன்,” என்றான்.

“நான் சாப்பிடுறன். தொலைஞ்சாலும் பரவாயில்லை. பள்ளிக்கூடம் போனாலும் கொழும்பில பரீட்சைத் திணைக்களம் அப்பிடியே இருக்கு. சோதினை எழுதின ஒவ்வொருத்தரின்ர முடிவும் அங்க கிடக்கும். சுட்டெண்ணைச் சொன்னாப் புதுசா எடுக்கலாம். சோதினை எழுதின சனம் பிள்ளையின்ர பிறந்தநாளை மறந்தாலும் சுட்டெண்ணை மறவாது. உன்ர என்னடா?”

சுஜீதன் யோசிக்காமல் ஏழு இலக்கத்தையும் ஒப்பித்தான். தாட்சாயினியும் தன்னுடையதைச் சொன்னாள். இருவரும் கமலினியைப் பார்த்தார்கள்.

அப்பா பள்ளிக்கூடத்தைத்தான் நினைத்தார். கொழும்பை நினைக்கவில்லை. அவருக்குத் தெரிந்த படிப்பெல்லாம் அந்த ஓட்டுக் கட்டடத்துக்குள்தான் இருந்தது.

“வினுஷா, நீ போய் ரீவி பார்,” என்றாள் கமலினி.

“I'm still eating, அம்மா.”

“தட்டைக் கொண்டு போ.”

பிள்ளை போனதும் தாட்சாயினி முன்னால் சாய்ந்தாள். “போன கிழமை ஸ்பிரிங்வேலில ஒரு பிள்ளையின்ர சாமத்தியவீட்டுக் கொண்டாட்டம். அங்க உம்மட ஊர்ப் பிள்ளை ஒண்டைக் கண்டனான். ஒன்பதாம் வகுப்பு வரைக்கும் உம்மோட ஒண்டா இருந்தவவாம். பிறகு உம்மை வகுப்பில காணேல்லையாம்.”

“அக்கா!” என்றான் சுஜீதன்.

“என்னடா அக்கா? கோயிலில ஒவ்வொருத்தரிட்டயும் வன்னியில இருந்து ஏ.எல். எடுத்தவ எண்டு பெருமையடிச்சது ஆர்? சுட்டெண்ணைச் சொல்லச் சொல்லு. நான் பிழையெண்டா இப்பவே எழும்பிப் போறன்.”

“சொல்லுமன் கமலினி,” என்றான் அவன். “ஒரு நம்பர்தானே.”

வாய்க்கு வந்த ஏழு இலக்கத்தைச் சொல்லலாம். மச்சாள் தன் வீட்டுக்குப் போய்த்தான் தேடுவாள். இரண்டு நாள் கிடைக்கும். ஆனால் பதிவு நாளையோடு முடிகிறது.

“என்னட்ட சுட்டெண் இல்லை,” என்றாள் கமலினி. “நான் சோதினை எழுதேல்லை. ஓ.எல்.லும் இல்லை, ஏ.எல்.லும் இல்லை.”

தாட்சாயினி கதிரையில் பின்னால் சாய்ந்துகொண்டாள். “கேட்டியே?”

சுஜீதனின் முகம் வெளிறியது. “எட்டு வருசம்,” என்றான். “எட்டு வருசமா என்னோட இருந்து என்னைப் பேயனாக்கி இருக்கிறீர்.”

“ஓம்.”

“ஓமோ? அவ்வளவுதானோ?”

“வேற என்ன சொல்ல? பொய் எழுதினது அப்பா. வாயை மூடிக்கொண்டு கட்டினது நான்.”

“களவெடுத்த மாதிரி எல்லோ இது!” என்றாள் தாட்சாயினி. “சனம் பதுங்குகுழிக்குள்ள இருந்தும் படிச்சதுதானே. மனமிருந்தாப் படிச்சிருக்கலாம்.”

கமலினி அவள் பக்கம் திரும்பினாள். இந்த வீட்டில் அவள் குரல் அதுவரை அந்த உயரத்துக்குப் போனதில்லை.

“மச்சாள், நீங்கள் கொழும்பில பஸ்ஸில பள்ளிக்கூடம் போனனீங்கள். எனக்குப் பதினைஞ்சு வயசில, வகுப்புக்குப் போற வழியில ரெண்டு பிள்ளையளைச் சண்டைக்குப் பிடிச்சுக்கொண்டு போனவங்கள். அண்டைக்கு அப்பா என்ர சைக்கிளை எடுத்து ஒளிச்சவர். அதுக்குப் பிறகு செல்லடி. மரத்துக்குக் கீழ ரீச்சர் படிப்பிச்சவ, அந்த மரமும் போச்சு. சண்டை முடிஞ்சு அகதி முகாமால வெளிய வரேக்க எனக்குப் பதினெட்டு, அம்மாவுக்கு ஒரு கால் இல்லை. பத்தாம் வகுப்பில இருத்துங்கோ எண்டு பள்ளிக்கூடத்தில போய்க் கேட்டனான். வயசு கூடிப்போச்சாம். மனமில்லாமலோ கேட்டனான்?”

“எல்லாருக்கும்தான் கஷ்டம். எல்லாரும் பொய் சொல்லேல்லை,” என்றாள் தாட்சாயினி. ஆனால் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

சுஜீதன் இறங்கவில்லை. “வினுஷாவின்ர வீட்டுப்பாடத்தை என்னட்ட அனுப்புறது இதுக்குத்தானோ? பள்ளிக்கூட மீற்றிங்குக்கு வராம நிக்கிறதும் இதுக்குத்தான். நான் உம்மைச் சோம்பேறி எண்டு நினைச்சன்.”

“சோம்பேறி எண்டு கூப்பிட்டுமிருக்கிறீங்கள்.”

“உண்மையைச் சொல்லியிருந்தாக் கூப்பிட்டிருப்பனோ?”

“சொல்லியிருந்தாக் கட்டியிருப்பீங்களோ?”

அவன் மேசையிலிருந்த விண்ணப்பத்தை எடுத்து, இரண்டாகக் கிழித்து, தட்டுக்குப் பக்கத்தில் போட்டான். “இனி என்ன நேர்சிங்? முடிஞ்சுது. நாளைக்குப் பெட்டி அடுக்கப் போம்.”

தாட்சாயினி தம்பியைப் பார்த்தாள். அவள் வந்த வேலை முடிந்துவிட்டது. ஆனாலும் கைப்பையை எடுக்கவில்லை.

கமலினி எழுந்து குசினிக்குப் போனாள். அழப் போகிறாள் என்று இருவரும் நினைத்திருக்கலாம். மடிப்புகளில் வெள்ளையாய்த் தேய்ந்துபோன பிரசுரத்தோடு திரும்பி வந்து, அதை அவனுடைய தட்டுக்கு முன்னால் விரித்து வைத்தாள்.  

“இதென்ன?”

“கிளேட்டனில பெரிய ஆக்களுக்குப் பள்ளிக்கூடம். பத்தாம் வகுப்பில இருந்து. நாளைக்குப் பதியவேணும்.”

“இப்ப இதையோ கதைக்கிறீர்? இவ்வளவும் நடந்த பிறகு?”

“இவ்வளவும் நடக்காமல் என்னால கதைக்க ஏலாமக் கிடந்தது.” அவள் உட்காரவில்லை. “கோவப்படுங்கோ. ஒரு மாசம் கதையாதேங்கோ. நான் செய்தது பிழை. ஆனா காலமையில வினுஷாவை நீங்கள் கொண்டுபோய் விடுங்கோ, சுஜீ. நான் பள்ளிக்கூடம் போகவேணும்.”