காற்று என்று எழுதிவிடலாம்

ட்ரோன் விழுந்த மறுநாளே விசாரணை அறிக்கை தயாராகிவிட்டது. பதினொரு பக்கம், கனமான தாள், முகப்பில் கம்பெனியின் இறக்கை விரித்த கழுகுச் சின்னம். 'விபத்துக்கான காரணம்' என்பதற்குக் கீழே மட்டும் இடம் காலி. அதை அதற்கடுத்த நாள் மாலை நான்கு மணிக்குக் கூட்டம் போட்டு நிரப்புவதாக ஏற்பாடு. நிரப்பப் போகிற விசாரணைக் குழுவில் நான்கு பேர். அவர்களில் ஒருவரும் வாழ்நாளில் பலூன்கூடப் பறக்கவிட்டதில்லை என்பதால் நடுநிலைமைக்குக் குறைவிருக்காது என்று சேர்மன் அறிவித்திருந்தார்.

காலி இடத்தில் என்ன வரும் என்பது வாசல் காவலாளிக்கே தெரியும். 'ஓட்டுநரின் பிழை.' இரண்டே சொல். அது பறப்பு அனுமதி அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தால் ட்ரோனை ஓட்டியவளின் லைசென்ஸ் போய்விடும். ஆறு வருஷமாகப் பாலங்களின் அடிவயிற்றையும் புகைபோக்கிகளின் கழுத்தையும் ட்ரோனில் படம் பிடித்துக் கொடுத்தவள் அவள். வேறு வேலை எதுவும் அவளுக்குத் தெரியாது.

பகல் பன்னிரண்டே காலுக்குப் பழுதுபார்க்கும் அறையில் கணினியின் முன் உட்கார்ந்திருந்தவன் அவள் கணவனின் தம்பி. இங்கே வேலை வாங்கிக் கொடுத்ததே அவள்தான். வீட்டில் கூப்பிடுகிற மாதிரியே இங்கேயும் 'அண்ணி'. ட்ரோனின் வயிற்றிலிருந்து எடுத்த நகத்தளவு நினைவு அட்டையைச் செருகிப் பறப்புப் பதிவைத் திறந்தான். ஒரு நொடிக்குப் பத்து முறை ட்ரோன் தன்னைப் பற்றித் தானே எழுதிவைத்த நாட்குறிப்பு அது.

"உக்காருங்க அண்ணி. இப்படிப் பின்னாடியே நின்னா பரீட்சை எழுதற மாதிரி இருக்கு."

"நீ பாரு. நான் நின்னுக்கறேன்."

"பிட்டு கிட்டு வச்சிருக்கேனான்னு பாக்கறீங்களா?"

அவள் சிரிக்கவில்லை. அந்த அட்டைக்குள் ஒரு வரி இருக்கிறது. அது அவளுக்குத் தெரியும். அவனுக்கு இன்னும் தெரியாது.

முந்தாநாள் விழாவில் ட்ரோன் மூன்று முறை ஏற மறுத்தது. 'திசைகாட்டி சரியில்லை' என்று அவள் கையிலிருந்த டேப்லெட்டில் சிவப்பாக எழுத்து வந்தது. பந்தலில் இருநூறு பேர். மேடையில் சேர்மன், "நம் சின்னம் வானேறும் பொன்னாள் இது!" என்று முழங்கிவிட்டு, வலது கையை வானத்துக்கு நீட்டியபடி நின்றார். ட்ரோன் ஏறவில்லை. புகைப்படக்காரர்கள் இருந்ததால் கையை இறக்கவும் முடியவில்லை. விளம்பர மேலாளர் ஓடிவந்து அவள் காதில், "எப்படியாவது ஏத்தும்மா, சாருக்குத் தோள்பட்டை இழுத்துக்கப் போகுது" என்றார். அவள் செட்டிங்ஸுக்குள் போய்த் திசைகாட்டிப் பரிசோதனையையே அணைத்தாள். நாலாவது முறை ட்ரோன் ஏறியது.

ஏறிய ட்ரோன் ஓரிடத்தில் நிற்கவில்லை. வட்டம் போட்டது, வட்டம் பெரிதானது, பந்தலைத் தாண்டிப் போய் விளக்குக் கம்பத்தில் மோதிக் கடைசி வரிசையில் ஒரு நாற்காலியை இரண்டாகப் பிளந்தது. அதில் உட்கார்ந்திருந்த பெண் போன் பேச எழுந்துபோய் அரை நிமிஷம்கூட ஆகியிருக்கவில்லை. அந்தப் பெண் திரும்பிவந்து நாற்காலியைப் பார்த்த முகத்தை மறந்துவிட்டுத் தூங்க இரண்டு இரவாக முயன்றுகொண்டிருந்தாள் இவள்.

"பேட்டரி நல்லாருக்கு. மோட்டார் நாலும் ஒழுங்கா சுத்தியிருக்கு" என்றான். "உங்க கையும் சரிதான் அண்ணி. ரிமோட்டுல குச்சி நடுவுல இருக்கு. அது தானாத்தான் சுத்துது. ஏழாவது செகண்ட்ல நீங்க மேனுவலுக்கு மாத்தி ஜனத்துகிட்டருந்து இழுத்திருக்கீங்க. இதுல எங்க இருக்கு உங்க பிழை?"

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள்.

விழா நாள் காலை ஒன்பது மணிச் சோதனைப் பறப்பின் பதிவைப் பக்கத்தில் திறந்தான். திசைகாட்டி உணர்ந்த காந்தப்புலம் அப்போது நானூற்று அறுபது. விழாவில், தரையில் சும்மா நிற்கும்போதே எழுநூற்றுத் தொண்ணூறு.

"ரெண்டு மணி நேரத்துல பூமியோட காந்தம் ஏறிடுச்சா என்ன? நடுவுல என்ன மாட்டினாங்க? நான் பின்னாடி பேட்டரி சார்ஜ் போட்டுட்டிருந்தேன்."

அவள் மூலையில் கிடந்த சாக்கைப் பார்த்தாள். அவன் அதைக் கவிழ்த்து, உடைந்த பாகங்களுக்கு நடுவிலிருந்து மேல்மூடியை எடுத்தான். மேஜையில் கிடந்த ஒரு திருகாணி துள்ளிப் போய் மூடியில் ஒட்டிக்கொண்டது. மூடியின் மேல் பித்தளைக் கழுகு. கழுகின் அடியில் நாலு பொத்தான் காந்தம். மூடிக்கு உட்புறம் அவற்றைப் பிடித்துக்கொள்ள இன்னும் நாலு. ஆணியில்லாமல், பசையில்லாமல், வைத்ததும் ஒட்டிக்கொள்கிற சின்னம். சேர்மனின் சொந்த யோசனை. மேடையில் அவரே தன் கையால் வைத்தது. அதற்கு நேர் கீழே இரண்டு விரற்கடையில் திசைகாட்டி.

"திசைகாட்டி தலையில காந்தத்த வச்சுட்டு விசாரணைக் கமிட்டி வேறயா!" அவன் குதிக்காத குறை. "தப்பிச்சீங்க அண்ணி! ஆனா ஒண்ணு இடிக்குதே. இவ்வளவு காந்தம் இருந்தா அது ஏறவே சம்மதிச்சிருக்காதே. எப்படி..."

அவன் பதிவை மேலே நகர்த்தினான். நிறுத்தினான்.

"பத்து அம்பத்தேழு" என்றான், குரல் இறங்கி. "உங்க டேப்லெட்டுலருந்து அணைச்சிருக்கு."

"ஆமா."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

அவன் திரையைப் பார்த்தபடியே, "ஒரு வரிதான். எடுத்துட்டு மிச்சத்தக் குடுத்தா யாருக்கும் தெரியாது. அந்த நாலு பேருக்கு இதத் தலகீழா குடுத்தாலும் தெரியாது" என்றான்.

"எடுக்க முடியுமா?" என்று கேட்டுவிட்டாள். கேட்ட பிறகுதான் தன் குரல் தனக்குக் கேட்டது.

"சொல்லுங்க, எடுத்துடறேன்."

மூன்று நாற்பது ஆகும்வரை அவள் எதுவும் சொல்லவில்லை. அவன் எதுவும் எடுக்கவில்லை. காகிதங்களை அச்சிட்டு, அட்டையையும் அவள் கையில் கொடுத்தான்.

கூட்ட அறையில் சேர்மன் காந்தத்தின் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்து நெடுநேரம் ஆராய்ந்தார். விளம்பர மேலாளர் பணிவாக அதை நேராகத் திருப்பிக் கொடுத்தார். அவள் விளக்கி முடித்ததும் குழு, தன் எட்டு கண்களையும் சேர்மன் மீது வைத்துக் காத்திருந்தது. பதிவின் அந்த வரிக்கு அவள் இன்னும் வரவில்லை.

சேர்மன் பெருந்தன்மையாகச் சாய்ந்தார். "இதோ பாரும்மா. யாரையும் குத்தம் சொல்றது நம்ம பண்பாடு இல்ல. நீயும் நம்ம பொண்ணுதான். இயற்கைதான் காரணம். காத்து."

"காத்தா சார்?"

"திடீர்க் காத்து. காத்துன்னு எழுதிடலாம். உன் லைசென்ஸுக்கும் ஒண்ணும் ஆகாது."

குழு ஒரே தலையாக ஆமோதித்தது. நான்கில் ஒருவர், அன்று தன் மூக்குக்கண்ணாடியே பறக்கப் பார்த்ததாக நினைவுகூர்ந்தார். அன்று பந்தலின் தோரணம்கூட அசையவில்லை.

அவளுக்கு மூச்சு இலகுவானது. எவ்வளவு சுலபம்! ஒரு கையெழுத்து. அந்த வரியை யாரும் பார்க்கப் போவதில்லை. பேனாவைக் கையில் எடுத்தாள்.

"அப்ப அந்தச் சின்னத்த எடுத்துடுவீங்கல்ல சார்?"

"அத ஏன் எடுக்கணும்?" சேர்மன் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "காரணம் காத்துதானே!"

விளம்பர மேலாளர் உற்சாகமானார். "அடுத்த வாரம் ஸ்கூல் மைதானத்துல ஆறு ட்ரோன்லயும் கழுகு வருதும்மா. ஆயிரம் பிள்ளைங்க. பிரமாதமா இருக்கும்."

"ஆறும் ஏறாதே சார். திசைகாட்டிப் பரிசோதனையில நின்னுடுமே."

"அன்னைக்கு ஏத்தினியே, அதே மாதிரி ஏத்து" என்றார் சேர்மன்.

பேனா அவள் விரலுக்கிடையில் வழுக்கியது. அறிக்கையை இழுத்து, காலி இடத்தில் எழுதினாள்: 'ஒன்று: மேல்மூடியில் பொருத்திய சின்னத்தின் காந்தங்கள். இரண்டு: ஏற மறுத்த ட்ரோனின் பரிசோதனையை 10.57க்கு ஓட்டுநர் தெரிந்தே அணைத்தது.' எழுத்து கோணலாக வந்தது. கீழே கையெழுத்துப் போட்டாள்.

சேர்மன் படித்தார். "உன் தலையில நீயே ஏம்மா மண்ணப் போட்டுக்கற? அந்த ரெண்டாவத அடிச்சுடு."

"ரெண்டாவது இல்லேன்னா முதலாவத யாரும் நம்ப மாட்டாங்க சார். எப்படி ஏறுச்சுன்னு கேப்பாங்க."

"இது இந்த அறையத் தாண்டிப் போகாது!"

விபத்துப் பதிவை அனுமதி அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டியது லைசென்ஸ் வைத்திருப்பவரின் கடமை. அவளிடம் இன்னும் லைசென்ஸ் இருந்தது. பழுதுபார்க்கும் அறைக்குத் திரும்பி, ஒரு வரி குறையாமல் முழுப் பதிவையும் அவளே அனுப்பினாள். கொழுந்தன் பக்கத்தில் நின்று நகம் கடித்தான்.

பதில் ஆறு நிமிஷத்தில் வந்தது. பதிவு கிடைத்தது. அந்த நிறுவனத்தின் ட்ரோன்கள் அனைத்தும் ஆய்வு முடியும்வரை தரையிலேயே இருக்க வேண்டும். ஓட்டுநரின் உரிமம் குறித்த முடிவு முப்பது நாட்களுக்குள் தெரிவிக்கப்படும்.

"முப்பது நாளா!" என்றான். "என்ன பண்ணுவாங்க அண்ணி? பிடுங்கிடுவாங்களா?"

"தெரியலடா."

இப்போதுதான் உட்கார்ந்தாள். இரண்டு கையையும் முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டாள்.

"வீட்டுல உங்கண்ணன்கிட்ட நீயே சொல்லிடறியா?"

"நானா? என்ன விடுங்க அண்ணி, நான் பதிவு படிக்கறதோட சரி."

அவள் அந்தப் பதிலை மறுபடியும் முதலிலிருந்து படிக்கத் தொடங்கினாள், எங்காவது ஒரு வார்த்தை தனக்குச் சாதகமாக இருக்கிறதா என்று.