வழக்கை ஜெயித்த குறட்டை

வேலை நேரத்தில் குறட்டை விட்டு, அந்தக் குறட்டையாலேயே ஒரு வழக்கை ஜெயித்துக் கொடுத்த ஒரே பெண்மணி இந்தப் பூவுலகில் நான்தான். கேட்டவர்கள் எல்லோரும் நம்பினார்கள், என் நாத்தனாரைத் தவிர.

ஓய்வு பெறும்வரை ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தேன். என் குரல் கேட்டு, புறப்பட்டுப் போன ரயில்கள் திரும்பி வந்ததுண்டு. இப்போது நானும் நாத்தனாரும், அடி தாங்காமல் பிள்ளைகளோடு ஓடி வரும் பெண்களுக்கான அவசரத் தங்குமிடத்தில் தொண்டு செய்கிறோம். அவளுக்குச் சமையலறை. எனக்கு, என்னால் சேதம் குறைவாக இருக்கும் இடம்.

போன வாரம் ஒரு தாயும் ஐந்து வயது மகளும் வந்தார்கள். மகள் படுக்கவே மாட்டேன் என்றாள். "அப்பா வந்துட்டா?" என்று கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காவல்காரி என்று பெயர் வைத்தோம். மகள் விழித்திருக்கத் தாய் எப்படித் தூங்குவாள்? தூக்கம் கெட்டு, வக்கீலம்மாவிடமே தப்பும் தவறுமாக எதையோ சொன்னாள்.

"நாளைக்கு மத்தியானம் ஜட்ஜ்கிட்டயும் இப்படிக் குழப்பினா, பொண்ணை அவ அப்பாகிட்டயே அனுப்பிடுவாங்கம்மா," என்று சொல்லிவிட்டுப் போனார் வக்கீலம்மா.

மறுநாள் காலை, அவர்கள் கொஞ்சமாவது தூங்கட்டும் என்று, என்னை அவர்கள் அறையில் காவலுக்கு உட்கார வைத்தார்கள். உள்பக்கம் திறக்கும் கதவு. நாற்காலியை அதோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தேன்.

"நீங்க தூங்கிட்டா?" என்றாள் காவல்காரி.

"தூக்கமா? அது எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாதுடா கண்ணு."

சொல்லி முடிப்பதற்குள் தூங்கிவிட்டேன்.

மிச்சத்தைத் தாய்தான் சொன்னாள். ஜன்னல் கண்ணாடி தாளம் போட்டதாம். தெருவில் ஒரு லாரி ஒதுங்கி வழிவிட்டதாம். (லாரி மட்டும் நான் சேர்த்தது.) குழந்தை முதலில் காதைப் பொத்தினாளாம். பிறகு என் நாற்காலியைத் தள்ளிப் பார்த்தாளாம். நாற்காலி நகருமா?

"இந்தப் பாட்டியைத் தாண்டி யாரும் வர முடியாதும்மா," என்று படுத்தவள்தான். அப்புறம் தாயும் கண்ணயர்ந்தாள்.

சாப்பிடக் கூப்பிட வந்த நாத்தனார் கதவைத் தோளால் முட்டித்தான் எங்களை எழுப்பினாள். அன்று மத்தியானம் தாய் தேதி பிசகாமல் பேசினாள். மகள் அவளோடுதான் இருக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

"அதுங்க அசதியில தூங்கியிருக்கும். குறட்டையாம், வழக்காம். இந்த அண்ணி வாயைத் திறந்தா..." என்றாள் நாத்தனார்.

"அப்ப நாளைக்கு நீ காவலுக்கு இரு."

இருந்தாள். சிலை மாதிரி, கண் கொட்டாமல். அரைமணி கழித்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"தூங்கிட்டாளா?"

"எங்க தூங்கினா? 'நீங்க சத்தமே போட மாட்டேங்கறீங்க, வெளிய இருக்கறவங்களுக்கு ஆள் இருக்கறது எப்படித் தெரியும்'னு என்னையே கேக்கறா."

நான் வாயைத் திறக்கவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"சரி அண்ணி, நடந்தது நிஜந்தான். ஒத்துக்கறேன். வந்து தூங்குங்க."