பாண்டிக்குப் பெண் தேடிய வீடு

ஞானசேகர் வளர்த்த டாரன்டுலா சிலந்தி கடைசித் தோலை உரித்ததிலிருந்து வீடு ஓர் இடத்தில் நிற்கவில்லை. திங்கட்கிழமை ஆவடியில் இருந்தது. மறுநாள் காலை ஜன்னலைத் திறந்தால் இந்துக் கல்லூரி ரயில் நிலையம் தெரிந்தது. பால்காரர் மட்டும் எப்படியோ கண்டுபிடித்து வந்துவிட்டார்.

சிலந்தியின் பெயர் பாண்டி. உள்ளங்கை அகலம் இருக்கும். வருடக்கணக்கில் தேங்காய் நார்த்தூளில், ஒரே மூலையில், பரம சாதுவாகக் கிடந்தது. தோலுரித்து முழு ஆணாக வெளியே வந்ததும் கண்ணாடித் தொட்டியைச் சுற்றிச் சுற்றி நடக்கத் தொடங்கியது. போட்ட பூச்சிகளைத் தொடவில்லை. சோடா மூடியில் வைத்த தண்ணீரை மிதித்துக்கொண்டு போனது. அது வலப்பக்கம் திரும்பினால் வீடும் வலப்பக்கம் திரும்பியது.

அதிகம் கஷ்டப்பட்டவள் அவன் மனைவி பிரமிளாதான். துணிக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருபவள்.

“இப்ப எங்க இருக்கீங்க?” என்று போனில் கேட்பாள்.

“பட்டாபிராம். ரயில்வே கேட்ல நிக்கிறோம்.”

“அங்கயே நிக்கச் சொல்லுங்க.”

“கேட்ட தொறந்துட்டாங்க, பிரமி.”

அவள் ஷேர் ஆட்டோவில் துரத்தி வந்து, ஓடுகிற வீட்டில் தொற்றி ஏறுவாள். ஏறியபின் ஒரு வார்த்தை திட்டமாட்டாள். அதுதான் ஞானசேகருக்குப் பயமாக இருந்தது.

கால்நடை மருத்துவரிடம் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். வீடும் பின்னாலேயே வந்து வெளியே நின்றது.

“பொண்ணு தேடுது,” என்றார் மருத்துவர்.

“கிடைக்கலன்னா?”

“தேடும்.”

“கிடைச்சா?”

மருத்துவர் கையைக் கழுவிக்கொண்டார். “பொண்ணுக்குப் பசியில்லாத நேரமாப் பாத்துப் போங்க, இல்லன்னா மாப்பிள்ளையையே தின்னுடும்.”

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீடு திருநின்றவூரில், வேறொரு வீட்டின் எதிரே வந்து நின்றது. அது தாழ்ந்த, அகலமான வீடு. வாசலில் நின்ற பெண்மணி தன் பெயர் ஆக்னஸ் என்றார். அவர் தோளில் கன்னங்கரேலென்று ஒரு பெண் சிலந்தி உட்கார்ந்திருந்தது.

“பொண்ணு பாக்க வந்தீங்களா?”

“ஆமாங்க. சாப்பாடு போட்டாச்சா?”

“இதுக்கா, வீட்டுக்கா?”

ஞானசேகர் அவர் வீட்டைப் பார்த்தான். “வீட்டுக்கு.”

“போன மாசம் பக்கத்துல ஒரு தையல்கடை இருந்துச்சு,” என்றார் ஆக்னஸ்.

பாண்டி முன்கால்களால் கண்ணாடியைத் தட்டியது. ஞானசேகரின் வீட்டு வாசற்படி தரையைத் தட்டியது. எதிர்வீட்டு இரும்புக்கேட் பதிலுக்கு இரண்டு தட்டு தட்டியது.

போன் அடித்தது.

“எங்க இருக்கீங்க?”

“பிரமி, இன்னிக்கு உங்கம்மா வீட்டுக்குப் போயிடு.”

“வீடு நிக்குதா?”

அவனால் பொய் சொல்ல முடியவில்லை. “நிக்குது.”

“அப்ப வர்றேன்.”

வந்தாள். நிதானமாகப் படியேறி, நாற்காலியில் உட்கார்ந்து, கால்களை நீட்டினாள். அப்படி அவளை அவன் பார்த்து வெகுநாளாயிற்று.

“பிரமி, எறங்கிடலாம். எதிர்வீடு சரியில்ல.”

“அஞ்சு நிமிஷம் இருங்க.”

எதிர்வீட்டுக் கேட் முழுதாகத் திறந்துகொண்டது. உள்ளே விளக்கில்லை. ஈரமான வெக்கை வந்து முகத்தில் அடித்தது.

ஞானசேகர் திரும்பினான். பிரமிளா தூங்கிப்போயிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. எழுப்பக் கையை நீட்டியவன், மின்விசிறியைக் கொஞ்சம் கூட்டிவைத்துவிட்டு, அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டான்.

வீடு அவளை அலுங்கவிடாமல், மெதுவாக எதிர்வீட்டுக் கேட்டுக்குள் போயிற்று.