டெல்ஃபின் வாசலில் சொன்ன குட் நைட்

எதிர்வீட்டு டெல்ஃபினின் புருஷன் கோடை தொடங்கியதிலிருந்து எங்கள் காம்பவுண்டு மாடிப்படியில் இறங்கிக்கொண்டே இருந்தான். நாங்கள் இருப்பது முதல் மாடிதான். ஆனாலும் அவன் தரைக்குப் போய்ச் சேரவில்லை.

பெயர் ரெக்ஸ்லின். கப்பலில் வேலை. லீவில் வந்த அன்று, அவன் வாசலுக்கு வருவதற்குள் தெருவிளக்கு போட்டுவிட்டார்கள். டெல்ஃபினுக்கு அவனை இங்கிலீஷில் வரவேற்க ஆசை. கதவைத் திறந்தாள். பவுடர் கொஞ்சம் கூடுதல்தான். இருட்டிவிட்டதே என்று யோசித்து, "குட் நைட்" என்றாள்.

எங்கள் காம்பவுண்டில் குட் நைட் சொல்லிவிட்டால் கேட்டவர் கிளம்பிவிட வேண்டும். எவ்வளவு இருட்டில் வந்தாலும் குட் ஈவினிங் சொல்லித்தான் உள்ளே விடுவோம். ரெக்ஸ்லின் மரியாதை தெரிந்தவன். "குட் நைட்" என்று திருப்பிச் சொல்லிவிட்டு இறங்கினான்.

நான் ஜன்னலில் நின்றிருந்தேன். தற்செயலாகத்தான்.

"கூப்பிடேன்ட்டீ" என்றேன்.

"வாங்கன்னு கூப்ட்டேன்க்கா. தமிழு படித் திருப்பம் வரைக்கும்தான் போவுது."

எட்டிப் பார்த்தேன். திருப்பத்துக்குக் கீழே அவன் தலை தெரிந்தது. உச்சியில் வழுக்கை விழுந்திருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, மூன்று வீட்டைத் தவிர.

"அப்ப குட் ஈவினிங் சொல்லு."

"ஈவினிங்குக்கு எங்கக்கா போவேன்?"

அதுவும் சரிதான். கையில் கொஞ்சம் ஈவினிங் இருந்தால்தான் அதைச் சொல்ல முடியும். எங்கள் வீடுகளில் இருந்தது தீர்ந்துவிட்டது. புதிதாக வருவதும் இல்லை. வெயில் அடிக்கும், அப்படியே இருட்டிவிடும். வருகிற ஈவினிங் முழுவதையும் மொட்டை மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் நடத்தும் கிளாட்வின் சார் தன் ஈவினிங் பேட்சுக்கு எடுத்துக்கொள்கிறார்.

டெல்ஃபின் தினமும் அவனுக்கும் சேர்த்தே சமைத்தாள். இரண்டு தட்டை எடுத்துவைத்துவிட்டு, படியில் இறங்கும் செருப்புச் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருப்பாள். நான் எட்டியெல்லாம் பார்க்கவில்லை. கதவு திறந்திருந்தது.

ஒருநாள் என் கையைப் பிடித்தாள். "எக்கா, சார்ட்ட கேட்டுப் பாப்போம். தொணைக்கு வாங்க."

எனக்கு அடுப்பில் வேலை இருந்தது. அணைத்துவிட்டு ஓடினேன்.

மாடிக்கு ஏற ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்தப் படிக்கு ஆளைப் பார்த்துத்தான் நீளம். மேலே மஞ்சள் வெளிச்சம், நல்ல காற்று. எல்லோரும் நாற்காலியில் உட்கார்ந்து ஈவினிங்கில் இருந்தார்கள்.

"பேட்ச் ஃபுல்" என்றார் கிளாட்வின் சார்.

"ரெண்டு சேர் சும்மா கெடக்கே?" என்றேன்.

"அது ஒங்க ரெண்டு பேருக்கு. அதோட ஃபுல்."

நான் உட்கார்ந்துவிட்டேன். டெல்ஃபின் உட்காரவில்லை. படி வாசலில் குனிந்து, "குட் ஈவினிங்!" என்றாள். இத்தனை நாள் அவள் தொண்டையில் அப்படி ஒரு குரல் இருந்தது எனக்கே தெரியாது.

கீழே செருப்புச் சத்தம் நின்றது. பிறகு ஏறத் தொடங்கியது.

வந்து நின்றான். இளைத்திருந்தான். அவளைப் பார்த்து வாயைத் திறந்தான்.

"ஒரு ஆள் கூடுது" என்றார் சார். "சேர் இல்லாம ஈவினிங்ல நிக்கப்பிடாது. மங்கிப்போவாரு."

ரெக்ஸ்லினுக்கு முழங்கால் வரை அதற்குள் மங்கிவிட்டது. பேட்சில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக என்னைப் பார்த்தார்கள். நான் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தேன். இவர்கள் என்ன பேசிக்கொள்வார்கள் என்று கேட்கத்தானே வந்தேன்? அந்த நேரத்தில் எழுந்து போ என்றால்?

டெல்ஃபின் என் அருகில் வந்தாள். என் முந்தானையைச் சரிசெய்துவிட்டாள். கண் நிறைந்திருந்தது.

"எக்கா, கோவிச்சுக்கிடாதிய."

"ஏட்டி, சொல்லிராத. அவரு வாயத் தொறந்துட்டாரு. ஒரே ஒரு வார்த்த கேட்டுட்டுப் போறேன்."

"குட் நைட்க்கா."

மரியாதை என்று ஒன்று இருக்கிறதே. திருப்பிச் சொல்லிவிட்டு எழுந்தேன்.

இறங்கிக்கொண்டிருக்கிறேன். மேலே என் நாற்காலியை அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் இழுத்துப்போடும் சத்தம் கேட்டது. ரெக்ஸ்லின் ஏதோ கேட்டான். அவள் சிரித்தாள்.

என்ன கேட்டான் என்றுதான் தெரியவில்லை. படிக்குப் படி நின்று காதைக் கொடுக்கிறேன். அவள் சிரிப்பு மட்டும்தான் இவ்வளவு தூரம் வருகிறது.