பூப் போட்டு வைத்த பெயர்

அந்தக் கை தட்டுக்கு மேலே நின்றுகொண்டிருக்கிறது, ஐந்து வயதுக் கை, கண்ணாடி வளையல் முழங்கை வரைக்கும் ஏறிக் கிடக்கிற சின்னக் கை, கீழே பித்தளைத் தட்டில் செய்தித்தாளில் மடித்த இரண்டு பொட்டலம், எடு கண்ணு, ஒண்ணே ஒண்ணு எடு என்று மாமியார் அவசரப்படுத்துகிறாள், கை இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வருகிறது, வெள்ளை நந்தியாவட்டை வந்தால் தையல்கடைக்கு அஞ்சுகத்தின் பெயர், செவ்வரளி வந்தால் கோமளாவின் பெயர், இதுதான் பேச்சு, அஞ்சுகம் சுவரோரம் நின்று சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி விரல் நுனி வெளுத்துப் போயிருக்கிறது, தெருவில் பாதிப் பேருக்கு ஜாக்கெட் தைத்துப் போட்டவள் அவள், கடை அவள் உழைப்பு, மிஷின் அவள் அப்பா வாங்கிக் கொடுத்தது, பெயர் மட்டும் யாருடையது என்று தெரிந்துகொள்ள ஒரு குழந்தையின் கையைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது, இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல. வாசலில் பெயிண்டர் பலகைக்கு மஞ்சள் அடித்துவிட்டு, அது காய்கிற வரைக்கும் பீடி பிடித்துக்கொண்டு, என்னா பேருன்னு சீக்கிரம் சொல்லுங்க என்று குரல் கொடுக்கிறான்.

கோமளா யார் என்றால் அஞ்சுகத்தின் புருஷன் கோதண்டத்தின் முதல் பெண்டாட்டி, இந்தக் குழந்தை கலைமதியைப் பெற்றவள், இரண்டாம் பிரசவத்தில் பிள்ளையோடு போய்ச் சேர்ந்தவள், செங்கம் பக்கத்து ஊர்களில் தாலியும் பூவுமாகப் போனவளைச் செத்தவள் என்று விட்டுவிட மாட்டார்கள், பூவாடைக்காரி என்று வீட்டு மூலையில் கலசம் வைத்து வருஷா வருஷம் புதுச்சேலை படைப்பார்கள், படைத்த சேலையை வீட்டில் வாழ்கிற பெண் கட்டிக்கொள்ள வேண்டும், அஞ்சுகம் இந்த வீட்டுக்கு வந்து கட்டிய முதல் புதுச்சேலையே அதுதான், அரக்குக் கலர், அது அவளுக்கென்று எடுத்ததில்லை. அவளுக்கென்று இருந்தது மிஷின் ஒன்று, கழுத்துக்குப் போட வக்கில்லம்மா, கைக்கு ஒரு தொழிலக் குடுத்தனுப்பறேன் என்று அப்பா கண் கலங்கிக் கொடுத்தது, அதில்தான் ஊரார் ஜாக்கெட்டெல்லாம் தைத்தாள், கொக்கி வைத்தாள், முன் அறையைக் கடையாக்கலாம் என்று கேட்டபோது கோதண்டம் டீயை ஊதிக்கொண்டே, உம் மிஷினு, உங் கையி, அப்பறம் எவ பேர வெப்பாங்க, உம் பேருதான்டி என்றான், ஆஹா, அந்த ஒரு வார்த்தைக்கு அவள் எப்படிப் பூரித்துப் போனாள், லைனிங் துணியில் சுண்ணக்கட்டியால் அஞ்சுகம் தையலகம் என்று எழுதிப் பார்ப்பாள், யாராவது வந்தால் தட்டி அழிப்பாள், மறுபடி எழுதுவாள். மாமியார் கேட்டாளே ஒரு கேள்வி, முன்னால போனவ மூலையில இருந்து பாத்துக்கினு இருக்கா, அவ பேர வுட்டுட்டு இவ பேர வெச்சா வூடு வெளங்குமா, கோதண்டம் தலையைச் சொறிந்தான், சண்ட எதுக்கு, பூப் போட்டுப் பாத்துடலாம், சாமி என்னா சொல்லுதோ அதான் என்றான், எந்தச் சாமி முன்னால், கோமளாவின் கலசம் முன்னால், வழக்கு நடக்கிற இடமே எதிராளியின் வீடு, அப்போதும் அஞ்சுகம் சரி என்றாள், ஏனென்றால் பொட்டலம் கட்டப்போவது கோதண்டம், அவன் கையை அவள் நம்பினாள்.

கை இறங்கி ஒன்றை எடுத்தது, பிரித்தால் சிவப்பு, மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டு எங்கம்மா தாயே என்று கலசத்துக்கு முன்னால் விழுந்தாள், பெயிண்டர் பிரஷ்ஷை நனைத்து கோ என்று ஆரம்பித்தான், கோதண்டம் அஞ்சுகத்தின் பக்கம் திரும்பாமலே வெளியே போனான், சாமி சொல்லிவிட்டது, சரி, சாமியிடம் என்ன கோபம், அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டைக் கழுவ எடுத்துப்போனாள், தட்டில் ஒட்டிக்கொண்டு இன்னொரு பொட்டலம் கிடந்தது, எடுத்து எறிந்திருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும், பிரித்தாள், அதிலேயும் செவ்வரளி. குழாயில் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது, அவள் நின்றுகொண்டே இருந்தாள், ஒரு வெள்ளைப் பூ, கொல்லையில் செடி நிறையக் கொட்டிக் கிடக்கிற பூ, அதில் ஒன்றைக் கிள்ளிப் போடுவதற்கு அவனுக்கு மனசு வரவில்லையே, பாவி, நேராக வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அழுது தீர்த்திருப்பாள். இதை அவள் கேட்கவில்லை, அன்றைக்கும் கேட்கவில்லை, அப்புறமும் கேட்கவில்லை, சோறு போட்டாள், துணி துவைத்தாள், கூடப் படுத்தாள்.

அப்புறம் அவள் கோமளாவானாள், கோமளா அக்கா கை கொஞ்சம் லூஸா வெய்யி, கோமளா அக்கா கல்யாணம் வியாழக்கெழம, இன்னும் ஓரம் அடிக்கலையா, முதலில் திருத்தினாள், நான் கோமளா இல்லீங்க, பிறகு தலையாட்டினாள், பிறகு அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கவே ஆரம்பித்துவிட்டாள், மாமியார் சாகக் கிடந்தபோது கோமளா தண்ணி என்று கேட்க, இதோ அத்தை என்று அவள்தான் ஓடினாள். கலைமதிக்கு எட்டு ஒன்பது வயதிருக்கும், அளவு ஜாக்கெட் கொடுக்க வந்தவர்களிடம், இது எங்கம்மா கடை, இவங்க இங்க தெக்கிறாங்க என்று சொல்கிறது, குழந்தை அது, விகல்பம் கிடையாது, வந்தவர்கள் சிரிக்கிறார்கள், அஞ்சுகமும் சிரிக்கிறாள், வாயில் கவ்வியிருந்த குண்டூசி உதட்டைக் கிழித்து இரத்தம் உப்புக் கரிக்கிறது. அதையும் மறந்திருப்பாள், அப்பா வந்தாரே ஒரு வெயில் நாளில், அதை எப்படி மறக்க, இந்த ஊருக்கே வந்திராதவர், கடைக்கு என் பேர்தான் என்று மகள் எப்போதோ எழுதியதை நம்பி பஸ் ஸ்டாண்டில் இறங்கி அஞ்சுகம் தையல்கடை எது, அஞ்சுகம் தையல்கடை எது என்று பூக்காரியிடம் கேட்டு, டீக்கடையில் கேட்டு, இந்தத் தெருவிலேயே மேலும் கீழும் நடந்திருக்கிறார், அப்பிடி யாரும் இங்க இல்லியே பெரியவரே என்றே எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள், மகள் ஒரு ஜன்னலுக்கு அந்தப் பக்கம் குனிந்து யாருக்கோ பித்தான் கட்டிக்கொண்டிருக்கிறாள், அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார், பொங்கலுக்குள் செத்தும் போனார், காரியத்துக்குப் போன இடத்தில்தான் அண்ணி சொன்னாள், ஒன்ன பாக்க வந்தாரு, ஊர்ல ஒருத்தருக்கும் ஒன்னத் தெரியலியாமே. அன்றைக்கு அஞ்சுகம் அழுத அழுகை அப்பாவுக்கு என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

இப்போது கோதண்டம் வாதத்தில் விழுந்து கூடத்துக் கட்டிலில் கிடக்கிறான், பேச்சு போய்விட்டது, கண் மட்டும் ஆள் போகிற பக்கமெல்லாம் போகிறது, கலைமதி புருஷன் வீட்டிலிருந்து ஒரு பையோடு வந்துவிட்டாள், இனிப் போகமாட்டாள், தையல் நன்றாக வரும், அஞ்சுகம் சொல்லிக்கொடுத்ததுதான், பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை போட ஓர் அறை பார்த்து வைத்திருக்கிறாள், மிஷின் நாந்தர்றேன் என்று அஞ்சுகம் வாய்விட்டுச் சொல்லியாயிற்று. சின்னம்மா, கடைக்கு எம் பேர வெச்சிக்கட்டுமா, கலைமதின்னு, என்று அவள் கேட்கிறாள், அந்த வூட்ல ஒரு நாள்கூட என்னப் பேரு சொல்லிக் கூப்புட்டதில்ல சின்னம்மா, ஏய்ம்பாங்க, இவளேம்பாங்க, எம் பேர ஒரு எடத்துல எழுதி நாம் பாக்கணும், என்கிறாள், சொல்லும்போதே அழுகை வந்துவிடுகிறது, உலகத்தில் அந்த வார்த்தை வேறு யாருக்குப் புரியாவிட்டாலும் அஞ்சுகத்துக்குப் புரிய வேண்டும், புரிந்தது, எழுத்துக்கு எழுத்து புரிந்தது, அதுதான் எரிந்தது, எனக்குக் கிடைக்காதது உனக்கு மட்டும் வாய்விட்டுக் கேட்டதும் கிடைத்துவிடுமா, கை அப்போதும் உன் கைதானே. வெச்சிக்கலாம் கண்ணு, என்றாள், ஆனா பெரியவங்க பேரு வெக்கறது நம்ப வூட்டு வழக்கம், வெள்ள வந்தா எம் பேரு, செவப்பு வந்தா உம் பேரு, பூப் போட்டுப் பாத்துடலாம், சாமி சொல்லட்டும். கலைமதி மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவள் கையைப் பிடித்தாள், பூவ நீங்களே கட்டுங்க சின்னம்மா, பெத்தவ மொகம்கூட ஞாபகமில்ல, நீங்கதான் எனக்கு அம்மா. இதை ஒரு பத்து வருஷம் முன்னால் சொல்லியிருக்கக் கூடாதா, பெண்ணே.

கொல்லையில் அஞ்சுகம் ஒரு நந்தியாவட்டை கிள்ளினாள், ஓர் அரளி கிள்ளினாள், சத்தியமாகக் கிள்ளினாள், கிணற்றடி வரைக்கும் இரண்டும் கையில் இருந்தன, அங்கே அரளியைச் சாக்கடையில் போட்டுவிட்டுத் திரும்பிப் போய் இன்னொரு நந்தியாவட்டை பறித்தாள், கூடத்தில் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்து, கோதண்டத்தின் கண்ணுக்கு நேராகக் காகிதத்தைக் கிழித்து, ஒரு வெள்ளை, மடி, இன்னொரு வெள்ளை, மடி, அவன் தொண்டையிலிருந்து ஏதோ உறுமல் வருகிறது, வாய் கோணிக் கோணிப் போகிறது, என்னாங்க வேணும், தண்ணியா, என்று கேட்டு அவன் கடைவாயில் வழிந்த எச்சிலைத் தலைப்பால் இதமாகத் துடைத்துவிட்டாள், இத்தனை வருஷத்தில் அவனோடு அவள் மனம்விட்டுப் பேசியது அப்போதுதான். கலசத்துக்கு முன்னால் அதே பித்தளைத் தட்டு, மேலே அந்தக் கை, வளையல் இல்லாத கை, சுட்டுவிரலில் ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன கை, இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வருகிறது, எடு கண்ணு, ஒண்ணே ஒண்ணு எடு என்கிற குரல் மாமியாருடையதா தன்னுடையதா என்று அஞ்சுகத்துக்கே தெரியவில்லை, கை இறங்கியது, வெள்ளை. கலைமதி சிரிக்கப் பார்த்தாள், நல்லதுதான் சின்னம்மா, சாமியே சொல்லிடுச்சி, என்றாள். தட்டில் மீந்த பொட்டலம் கிடந்தது, அஞ்சுகம் அதை எடுத்து மடியில் முடிந்திருக்கலாம், வாயில் போட்டு மென்றிருக்கலாம், அதைத் தட்டின் நடுவில் நன்றாகத் தெரிகிற மாதிரி நகர்த்தி வைத்து, தட்டையே கலைமதியின் கையில் கொடுத்தாள், இத கழுவி வெச்சிடும்மா, என்றாள். வாசலுக்கு வந்தாள், புதுப் பலகையில் மஞ்சள் காய்ந்திருக்கிறது, பெயிண்டர் பிரஷ்ஷை நனைத்துக்கொண்டு, என்னா பேரும்மா என்று கேட்கிறான், அஞ்சுகம், என்கிறாள், சொல்லிப் பழகாத பெயர், குரல் பிசிறுகிறது, அவன் அ போடுகிறான், உள்ளே குழாய் திறந்த சத்தம் கேட்கிறது, தண்ணீர் தட்டில் விழவில்லை, சும்மா போய்க்கொண்டே இருக்கிறது. எழுத்த இன்னும் கொஞ்சம் பெருசா போடுப்பா, என்றாள் அஞ்சுகம், பஸ்ஸ வுட்டு எறங்கனா தெரியணும்.